ஜல நேதி: குவளை வாங்கியாச்சு... தண்ணீரைக் கொதிக்க வைத்தீர்களா?

காலை ஆறரை மணி. இரவெல்லாம் மூக்கடைப்பு. ஒரு பக்கம் திரும்பிப் படுத்தால் அந்தப் பக்கம் அடைக்கிறது, மறுபக்கம் திரும்பினால் அதுவும் அடைக்கிறது. ஆன்லைனில் ஆர்டர் செய்த நேதி குவளை நேற்றுதான் வந்து சேர்ந்தது. மொபைலில் மூன்று நிமிட வீடியோ ஓடுகிறது. கீசரைத் திறந்து வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்தாச்சு, ஒரு சிட்டிகை உப்பும் போட்டாச்சு. வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையைச் சாய்த்து, ஒரு மூக்கில் ஊற்றினால் இன்னொரு மூக்கு வழியாகத் தண்ணீர் கொட்டுகிறது. "அட, நிஜமாவே வேலை செய்யுதே!"

டூவீலரில் ஆபீஸ் போய், ஏசியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, தூசியும் புகையுமாக வீடு திரும்பும் பலருக்கு இந்தக் காலைக் காட்சி இன்று புதிதல்ல. ஆனால் மேலே சொன்னதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஒன்று, அந்த ஒரு சிட்டிகை உப்பு. இரண்டு, அந்தக் கீசர் தண்ணீர். முதல் தவறுக்குத் தண்டனை கொஞ்சம் எரிச்சல், அதோடு போய்விடும். இரண்டாவது தவறு பெரும்பாலான நாட்களில் ஒன்றும் செய்யாது. செய்கிற ஒரு நாளில், திருத்திக்கொள்ள இன்னொரு வாய்ப்பு கிடைப்பது மிக அரிது.

ஜல நேதி நல்ல பழக்கமா, கெட்ட பழக்கமா என்று பட்டிமன்றம் நடத்த வேண்டியதில்லை. முறையாகச் செய்தால் நல்ல பழக்கம்தான். கேட்க வேண்டிய கேள்வி வேறு. குவளை எந்த உலோகம், எந்த மூக்கில் முதலில், எத்தனை டிகிரி சாய்க்க வேண்டும் என்றெல்லாம் சொல்லித் தருகிறவர்கள், தண்ணீரைப் பற்றி மட்டும் ஏன் 'வெதுவெதுப்பாக இருக்கட்டும்' என்ற ஒரே வார்த்தையில் கடந்து போகிறார்கள்?

பழைய நூல்கள் என்ன சொல்கின்றன?

உடலைச் சுத்தம் செய்ய யோக மரபு சொல்லும் கிரியைகள் ஆறு: தௌதி, வஸ்தி, நேதி, த்ராடகம், நௌளி, கபாலபாதி. சுவாத்மாராமர் 15-ம் நூற்றாண்டு வாக்கில் எழுதிய 'ஹட யோக பிரதீபிகை' இவற்றை வரிசைப்படுத்துகிறது.

ஆனால் அந்த நூலில் 'நேதி' என்றால் தண்ணீர் அல்ல, நூல். ஒரு சாண் நீளமுள்ள வழவழப்பான நூலை மூக்கு வழியாக விட்டு வாய் வழியாக எடுப்பதுதான் அங்கே சொல்லப்படும் நேதி. இன்று அதை 'சூத்திர நேதி' என்கிறார்கள். நூலுக்குப் பதில் மெல்லிய ரப்பர் குழாயை வைத்துச் செய்பவர்களும் உண்டு. சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்த 'கேரண்ட சம்ஹிதை'யிலும் நேதி என்றால் நூல்தான். மூக்கால் தண்ணீரை இழுத்து வாயால் விடுவதும், வாயால் இழுத்து மூக்கால் விடுவதும் அந்த நூலில் கபாலபாதியின் வகைகளாக வருகின்றன.

ஆக, மூக்கில் தண்ணீர் விடும் வழக்கம் பழையதுதான். ஆனால் நீண்ட மூக்குள்ள குவளை, அளந்து கரைத்த உப்பு, ஒரு துளை வழியாக விட்டு மறு துளை வழியாக வடிய விடுவது என்று இன்று நாம் பார்க்கும் வடிவத்தைப் பரவலாக்கியவை 20-ம் நூற்றாண்டின் யோகா நிலையங்களும் பயிற்சி முகாம்களும்தான். 2007-ல் ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு டாக்டர் நேதி குவளையைக் காட்டிய பிறகு, அமெரிக்க மருந்துக் கடைகளிலும் அது சர்வசாதாரணமாகிவிட்டது.

பிரதீபிகையில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த ஆறு கிரியைகளும் எல்லாருக்கும் கட்டாயம் என்று அது சொல்லவில்லை. உடலில் கொழுப்பும் கபமும் மிகுந்தவர்கள் பிராணாயாமத்துக்கு முன்பு இவற்றைச் செய்யட்டும், மற்றவர்களுக்குத் தேவையில்லை என்பதுதான் அதன் நிலைப்பாடு. 'தினமும் பல் தேய்க்கிறோம், தினமும் மூக்கையும் கழுவ வேண்டாமா?' என்று இன்று ரீல்ஸில் கேட்கிறவர்களை விட அந்தப் பழைய நூல் நிதானமாகப் பேசியிருக்கிறது.

நம்மூர் சித்த மருத்துவத்தில் 'நசியம்' என்ற ஒன்று உண்டே, அதுவும் இதுவும் ஒன்றா? இல்லை. நசியம் என்பது மருந்துச் சாற்றையோ தைலத்தையோ சில துளிகள் மூக்கில் விடுவது. நேதி என்பது உப்புத் தண்ணீரால் கழுவுவது. பேச்சில் இரண்டையும் குழப்பிக்கொண்டு, நேதித் தண்ணீரில் எண்ணெய், மஞ்சள், துளசிச் சாறு என்று கலப்பவர்கள் இருக்கிறார்கள். அது தேவையில்லாத வேலை.

மூக்குக்குள் என்ன நடக்கிறது?

மூக்கு வெறும் ஓட்டை அல்ல. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, வடிகட்டி நுரையீரலுக்கு அனுப்பும் இடம் அது. உள்சுவர் முழுக்க ஒரு மெல்லிய சளிப்படலம். அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிரிழைகள். காற்றில் வரும் தூசி, மகரந்தம், புகைத்துகள், கிருமி எல்லாம் சளியில் ஒட்டிக்கொள்ளும். மயிரிழைகள் ஓயாமல் அசைந்து அந்தச் சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். மிச்ச வேலையை வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும்.

சளி பிடித்தாலோ, ஒவ்வாமை வந்தாலோ, சைனஸ் வீங்கினாலோ இந்த ஓட்டம் தடைபடுகிறது. சளி கெட்டியாகித் தேங்குகிறது. அப்போது உப்புத் தண்ணீர் உள்ளே போனால் தேங்கிய சளியை இளக்கி அடித்துக்கொண்டு வெளியே வருகிறது. கூடவே தூசியும் மகரந்தமும், வீக்கத்தைத் தூண்டும் சுரப்புகளும் கொஞ்சம் கழுவப்படுகின்றன. இதில் மாயம் எதுவும் இல்லை. அடைத்த சாக்கடையில் தண்ணீரை ஓங்கி ஊற்றுவது போலத்தான்.

எதற்கு உப்பு? ஆற்றிலோ நீச்சல் குளத்திலோ மூக்கில் தண்ணீர் ஏறி, உச்சந்தலை வரை சுர்ரென்று எரிந்த அனுபவம் எல்லாருக்கும் இருக்கும். நம் திசுக்களில் உள்ள நீரை விட அந்தத் தண்ணீரில் உப்பு குறைவு என்பதுதான் அந்த எரிச்சலுக்கு முக்கியக் காரணம். ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்ற அளவு உடலின் நீரோடு ஒத்துப்போகும். அந்த அளவில் கரைத்தால் தண்ணீர் போவதே தெரியாது. ஒரு சிட்டிகை போதாது என்பது இதனால்தான்.

டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள்?

'இதெல்லாம் பாட்டி வைத்தியம், இங்கிலீஷ் டாக்டர் ஒத்துக்கமாட்டார்' என்று நினைத்தால் அது தவறு. காது-மூக்கு-தொண்டை மருத்துவத்தில் உப்புநீரால் மூக்கைக் கழுவுவது வழக்கமான துணைச் சிகிச்சை. நாள்பட்ட சைனஸ் அழற்சிக்கு இதைப் பரிந்துரைக்கிறது 2020-ல் வெளியான ஐரோப்பிய நிபுணர்களின் வழிகாட்டி ஆவணம். சைனஸ் அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு, உள்ளே பொருக்கு கட்டாமல் இருக்க உப்புநீர் பாட்டிலைக் கையில் கொடுத்து அனுப்பும் மருத்துவர்கள் ஏராளம்.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2016-ல் நாள்பட்ட சைனஸுக்கும், 2018-ல் ஒவ்வாமை மூக்கொழுகலுக்கும் இந்த முறையை ஆராய்ந்தது. பலன் இருக்கக்கூடும் என்பதுதான் இரண்டிலும் கிடைத்த விடை. கூடவே, ஆதாரங்கள் வலுவானவை அல்ல, நடந்த ஆய்வுகள் சிறியவை என்ற எச்சரிக்கையும் இருந்தது. சுருக்கமாகச் சொன்னால், அறிகுறிகளைக் குறைக்க உதவும், செலவு குறைவு, பக்கவிளைவு பெரிதாக இல்லை. மருந்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். மருந்தைத் தூக்கிப் போடச் சொல்லும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்த நேசல் ஸ்பிரே இருந்தால் முதலில் கழுவிவிட்டு, மூக்கு காய்ந்த பிறகு ஸ்பிரே அடிப்பது நல்லது. சளி வழியில் நிற்காது, மருந்து படவேண்டிய இடத்தில் படும்.

ஆனால் சந்தைப் பேச்சு இங்கே நிற்பதில்லை. கண் பார்வை கூடும், ஞாபக சக்தி வளரும், மைக்ரேன் மறையும், மூன்றாவது கண் திறக்கும் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றை நிரூபிக்கும் நல்ல ஆய்வுகள் இல்லை. கொரோனா காலத்தில் 'நேதி செய்தால் கொரோனா அண்டாது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது நினைவிருக்கலாம். உப்புநீரால் மூக்கைக் கழுவுவது கொரோனாவைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2020-ல் சொல்ல வேண்டி வந்தது.

குடிக்கலாம், மூக்கில் விடக் கூடாது. ஏன்?

இப்போது தண்ணீருக்கு வருவோம். 'நாங்க குடிக்கிற தண்ணிதானே, மூக்குல விட்டா என்ன?' என்பது நியாயமான கேள்வி. குடித்தால் தண்ணீர் வயிற்றுக்குப் போகிறது. அங்கே அமிலம் காவல் இருக்கிறது. மூக்கில் அப்படி ஒரு காவல் இல்லை. மூக்கின் கூரையில்தான் வாசனை அறியும் நரம்பு முனைகள் இருக்கின்றன. சல்லடை போன்ற ஓர் எலும்பின் துளைகள் வழியாக அவை நேரே மூளைக்குப் போகின்றன. மூக்குக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தூரம் அவ்வளவுதான்.

இந்தக் குறுக்கு வழியைப் பயன்படுத்துகிறது நேக்ளேரியா ஃபவுலேரி. செய்திகளில் 'மூளையைத் தின்னும் அமீபா' என்று வருமே, அதுதான். 1965-ல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் முதன்முதலில் விவரித்த நோய்க்குக் காரணமான உயிரி. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும். குளம், குட்டை, சரியாகக் குளோரின் போடாத நீச்சல் குளம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்கு வீடு. குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கில் ஏறினால் நரம்பு வழியே மூளைக்குப் போய் அழற்சியை உண்டாக்கும். தொற்று வந்தவர்களில் 100-க்கு 97 பேருக்கு மேல் பிழைப்பதில்லை.

நேதிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? 2011-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இரண்டு பேர் இந்தத் தொற்றால் இறந்தார்கள். இருவரும் குளத்தில் இறங்கியவர்கள் அல்ல. நேதி குவளையில் குழாய்த் தண்ணீரை ஊற்றி மூக்கைக் கழுவியவர்கள். அவர்கள் வீட்டுக் குழாய்களில் எடுத்த மாதிரிகளில் அமீபா இருந்தது. 2024-ல் டெக்சாஸில் 71 வயதுப் பெண் ஒருவர், முகாம் வண்டியின் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவி வந்தார். அறிகுறி தொடங்கிய எட்டு நாளில் இறந்துபோனார். அதுவரை ஆரோக்கியமாக இருந்தவர்.

2018-ல் வெளியான இன்னொரு மருத்துவக் கட்டுரை சியாட்டிலைச் சேர்ந்த 69 வயதுப் பெண்ணைப் பற்றியது. அவர் மூளையைத் தாக்கியது பாலமுத்தியா என்ற வேறொரு அமீபா. வீட்டு ஃபில்டரில் வடிகட்டிய தண்ணீரை அவர் நேதிக்குப் பயன்படுத்தி வந்தார். தொற்று அதன் வழியாக வந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் சந்தேகித்தார்கள், உறுதிப்படுத்த முடியவில்லை.

பக்கத்திலேயே பார்க்கலாம். பாகிஸ்தானின் கராச்சியில் இந்த அமீபாவுக்குப் பல ஆண்டுகளாக உயிர்கள் பலியாகின்றன. நீச்சலே அடிக்காதவர்களும் அதில் உண்டு. தொழுகைக்கு முன் மூக்கைச் சுத்தம் செய்யப் பயன்படுத்தும் குழாய்த் தண்ணீர் மீதுதான் அங்கே சந்தேகம். கேரளாவில் 2024, 2025-ம் ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சல் அடுத்தடுத்துப் பதிவானது. உயிரிழப்புகளும் நேர்ந்தன. கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் குளோரின் போடும் பணி அங்கே முடுக்கிவிடப்பட்டது. அவை நேதியால் வந்தவை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இந்த உயிரி நம் எல்லைக்கு மிக அருகில், நம்முடையது போன்ற வெப்பத்திலும் தண்ணீரிலும் வாழ்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இப்போது அந்தக் கீசரை நினைத்துப் பாருங்கள். இந்த அமீபாவுக்குச் சூடு பிடிக்கும். 46 டிகிரி செல்சியஸ் வரை தாக்குப்பிடித்து வளரும். நேதிக்குப் பிடிக்கும் 'வெதுவெதுப்பு', மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டி சித்திரை வெயிலில் அடையும் சூடு, கீசரில் பாதி சூடாகி நிற்கும் தண்ணீர் எல்லாம் அதற்கு வசதியான இடங்கள். கீசரில் தண்ணீர் கொதிப்பதில்லை, சூடாகிறது. அவ்வளவுதான்.

அப்போ எந்தத் தண்ணீர்?

ஒரே விதி: மூக்குக்குப் போகும் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும்.

கொப்பளித்துக் கொதிக்க ஆரம்பித்த பிறகு குறைந்தது ஒரு நிமிடம் அப்படியே கொதிக்கட்டும். இது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் கணக்கு. 6,500 அடிக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். ஊட்டியும் கொடைக்கானலும் அந்த உயரத்துக்கு மேலேதான் இருக்கின்றன. அங்கே 100 டிகிரியைத் தொடும் முன்பே தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடும் என்பதால் இந்தக் கூடுதல் நேரம். ஊட்டியில் வீடெடுத்து 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' பார்ப்பவர்கள் கவனிக்க.

நம் வீடுகளில் நடக்கும் தவறு கொதிக்க வைத்த பிறகுதான் வருகிறது. சூடு அதிகமாக இருக்கிறதே என்று பச்சைத் தண்ணீரை ஊற்றி விளாவிவிடுவோம். குளிக்கிற தண்ணீரை விளாவலாம், நேதித் தண்ணீரை விளாவக் கூடாது. மூடி வைத்துத் தானாக ஆற விட வேண்டும். காலையில் அவசரம் என்றால் முந்தின இரவே கொதிக்க வைத்து, சுத்தமான பாத்திரத்தில் மூடி வைத்துவிடலாம். காலையில் அதையே லேசாகச் சூடாக்கினால் போதும். 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். மிச்சத்தைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.

ஆர்.ஓ. தண்ணீர்? கேன் தண்ணீர்? இரண்டும் குடிப்பதற்கானவை, கிருமி நீக்கம் செய்யப்பட்டவை அல்ல. ஆர்.ஓ. இயந்திரத்தின் உள்தொட்டியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தோம் என்று யோசித்தாலே விடை கிடைத்துவிடும். அவற்றையும் கொதிக்க வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். பெட்ரோல் பங்கிலும் பேட்டரி கடையிலும் கிடைக்கும் 'டிஸ்டில்டு வாட்டர்' பேட்டரிக்கானது, மூக்குக்கானது இல்லை. கொதிக்க வைக்க வசதியில்லாத ஹாஸ்டல்வாசிகள் மெடிக்கல் ஷாப்பில் மூக்கு கழுவவென்றே விற்கும் கிருமி நீக்கிய உப்புநீரை வாங்கிக்கொள்ளலாம்.

உப்பு எவ்வளவு? அரை லிட்டருக்கு நாலரை கிராம். தட்டையாக வழித்த ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. நாக்கில் வைத்துப் பார்த்தால் கண்ணீர் கரிக்கிற அளவுக்குத்தான் கரிக்க வேண்டும். வீட்டு உப்பில் அயோடினும், கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் இருக்கும். அவை சிலருக்கு எரிச்சல் தரலாம். கல் உப்பில் மண்ணும் தூசியும் அடியில் தங்கும். மெடிக்கல் ஷாப்பில் அளந்து பொட்டலமாக விற்கும் நேசல் வாஷ் பாக்கெட் இருந்தால் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் பாக்கெட்டில் இருப்பது உப்புதான், கிருமிநாசினி இல்லை. பாக்கெட் போட்டுவிட்டோம் என்று பச்சைத் தண்ணீரை எடுக்கக் கூடாது.

எப்படிச் செய்வது, யார் செய்யக் கூடாது?

முதல் முறை தெரிந்தவர் முன்னால் செய்வது நல்லது. கை கழுவிக்கொண்டு வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்க்க வேண்டும். வாயைத் திறந்து வாயால் மூச்சு விட வேண்டும். மேலே இருக்கும் மூக்கில் குவளையின் முனையைப் பொருத்தினால் தண்ணீர் தானாகக் கீழ் மூக்கு வழியாக வடியும். உறிஞ்சக் கூடாது, பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. பாதித் தண்ணீர் ஒரு பக்கம், பாதி மறுபக்கம். தண்ணீர் தொண்டைக்கு வந்தால் தலை தூக்கியிருக்கிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் குனிந்தால் சரியாகிவிடும்.

முடிந்ததும் மூக்கை நன்றாகக் காய வைப்பதுதான் பலர் அவசரத்தில் விடுகிற படி. முன்னால் குனிந்து, இரண்டு மூக்கையும் திறந்து வைத்து மெதுவாக மூச்சை வெளியே தள்ள வேண்டும். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓங்கிச் சிந்தினால் தண்ணீர் காதுக்குப் போகும் குழாயில் ஏறி, காது அடைத்து வலிக்கும். செய்த உடனே படுக்கப் போவதும் நல்லதல்ல. அரை மணி கழித்து ஷூ லேஸ் கட்டக் குனியும்போது நாலு சொட்டு வடிந்தால் பயப்பட வேண்டாம், அது சைனஸில் தங்கிய தண்ணீர்.

மூக்கில் ரத்தம் வருபவர்கள், காது வலியோ காதில் சீழோ இருப்பவர்கள், மூக்கு இரண்டும் முழுக்க அடைத்திருப்பவர்கள், சமீபத்தில் முகம், காது, மூக்கில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு வீட்டிலேயே பரிசோதனை செய்து பார்ப்பதும் வேண்டாம்.

தினமும் செய்யணுமா? சளி, ஒவ்வாமை, தூசியில் வேலை என்று காரணம் இருக்கும் நாட்களில் செய்யலாம். மூக்கு நன்றாக இருக்கும்போது விட்டுவிடலாம். சளி என்பது வெறும் அழுக்கு அல்ல, அதுவும் உடலின் பாதுகாப்புப் படைதான். அதை ஓயாமல் கழுவித் தள்ள வேண்டியதில்லை. குவளையையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் கழுவி, கொதித்த தண்ணீரால் அலசி, கவிழ்த்துக் காய வைக்க வேண்டும். பாத்ரூம் ஓரத்தில் ஈரத்தோடு கிடக்கும் குவளையைப் பார்த்தால் மூக்கு சும்மா இருப்பதே மேல்.

கழுவிய பிறகு சில நாட்களில் கடுமையான தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு, குழப்பம் என்று எது வந்தாலும் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 'மூக்கில் தண்ணீர் விட்டேன்' என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். 2024-ல் கேரளாவில் இந்தத் தொற்றிலிருந்து ஒரு சிறுவன் மீண்டான். நோய் சீக்கிரம் கண்டறியப்பட்டுச் சிகிச்சை தொடங்கியது அதற்கு முக்கியக் காரணம்.

'இருபது வருஷமா செய்றோம், ஒண்ணும் ஆகலையே?'

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். உண்மைதான், பச்சைத் தண்ணீரில் நேதி செய்கிற பெரும்பாலானவர்களுக்கு எதுவும் ஆவதில்லை. இந்தத் தொற்று மிக மிக அரிது. பயந்துபோய் குவளையைத் தூக்கி எறிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் ஆபத்தை எண்ணிக்கையை மட்டும் வைத்து அளக்க முடியாது. வந்தால் திரும்ப முடியுமா, தவிர்க்க எவ்வளவு செலவு என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹெல்மெட் போடாமல் பத்து வருடம் வண்டி ஓட்டி ஒன்றும் ஆகாதவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அதனால் ஹெல்மெட் வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. இங்கே தவிர்க்க ஆகும் செலவு சில நிமிட கேஸ். வந்தால் போவது உயிர். இதில் கணக்குப் போட என்ன இருக்கிறது?

'தாத்தா ஆத்துத் தண்ணியிலயே மூக்கைக் கழுவுனாரே' என்பதும் பதிலாகாது. தாத்தாவின் ஆறு இன்று இல்லை. நம் வீட்டுக்கு வரும் தண்ணீர் லாரியில் ஏறி, சம்பில் இறங்கி, மோட்டாரில் ஏறி, மாடித் தொட்டியில் வெயில் காய்ந்து, குழாயில் நின்று வருகிறது. அந்தப் பயணத்தில் எங்கே குளோரின் தீர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. தவிர, அந்தக் காலத்தில் மூளைக்காய்ச்சலில் போனவர்களுக்கு 'விஷக் காய்ச்சல்' என்று ஒரே பெயர்தான். காரணம் தேடிப் பார்த்தவர் யார்?

பொறுப்பு முழுவதையும் வாங்குகிறவர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. குவளை விற்பவர்கள் பெட்டியின் மேலேயே, தமிழில், கண்ணில் படும் எழுத்தில் 'கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும்' என்று அச்சடிக்கலாம். அதற்குப் பெரிய செலவு ஆகாது. யோகா முகாம்களில் ஐம்பது பேரை வரிசையாக நிற்க வைத்து, ஒரே வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு செய்முறை காட்டும் வழக்கம் நிற்க வேண்டும். ஆபீஸ் 'வெல்னஸ்' வகுப்புகளுக்கும் இது பொருந்தும். சைனஸுக்கு நேதி செய்யச் சொல்லும் டாக்டர்கள் சீட்டில் இன்னொரு வரி சேர்த்து எழுதலாம். மூன்று நிமிட வீடியோ போடுகிறவர்கள் அதில் இருபது நொடியை அடுப்புக்கு ஒதுக்கலாம்.

யோக மரபில் இந்தக் கிரியைகளுக்குச் சுத்திகரிப்பு என்றுதான் பெயர். சுத்தம் செய்யப் போகும் பொருளே சுத்தமாக இல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்கு என்ன மரியாதை? அடுத்த முறை யாராவது நேதி சொல்லித் தர வந்தால் எந்த மூக்கில் முதலில் என்று கேட்க வேண்டாம். "மாஸ்டர், இந்தத் தண்ணி கொதிச்சதா?" என்று கேளுங்கள். 'ஆமாம்' என்று சட்டெனப் பதில் வந்தால் தலையைச் சாய்க்கலாம். தயங்கினால், குவளையைக் கீழே வைத்துவிட்டு முதலில் அடுப்பைப் பற்ற வையுங்கள்.